வெண்கல விலங்குகள்

கலம் என்பது நீரும் உணவும் பெய்து வைத்தற்குரிய கருவியாகும். ஆயினும் பண்டைக் கைவினைஞர் பயன் ஒன்றையே கருதி அமைந்தாரல்லர். மூடிக்குப் பிடி வேண்டுமெனின் அதனைப் பறவையாக்கினர். கலத்திற்குத் தாங்கி வேண்டுமெனின் அதில் எருமைகளை நிறுத்தினர். இத்தகைய சிறு வெண்கல விலங்குகளுள் இரண்டை ஈண்டு ஒப்பிட்டுக் காண்போம். ஒன்று ஈரான் நாட்டுப் பசு. மற்றொன்று பொருநைக் கரையின் எருமை.

இசுலாமியக் கலையில் உயிர்களின் உருவமே இராது எனப் பலர் எண்ணுவர். பள்ளிவாசல்களிலும் திருக்குர்ஆன் ஏடுகளிலும் அவை இடம்பெறுவதில்லை என்பது மெய்யே. ஆனால், இல்லங்களிலும் அரண்மனைகளிலும் வழங்கிய கலங்களில் விலங்குகளும் பறவைகளும் மிகுதியாக உள்ளன. சிங்க வடிவில் நறும்புகைக் கலங்களும், பறவை வடிவில் நீர்க்கலங்களும் செய்தனர்.

அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று, இரசியாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து எர்மிட்டாசு அருங்காட்சியகத்தில் உள்ளது. அது நீர் வார்க்கும் கலம். உயரம் ஏறத்தாழ 35 செ.மீ. நம் நாட்டு மாடுகளைப் போலத் திமிலுடைய பசு ஒன்று நிற்கிறது. அதன் மடியில் கன்று பால் உண்கிறது. முதுகின்மேல் சிறு சிங்கம் ஒன்று பாய்ந்து பற்றியிருக்கிறது. பசு, கன்று, சிங்கம் ஆகிய மூன்றும் ஒரே வார்ப்பில் வார்க்கப்பட்டன என்று அதன்மேல் பொறித்துள்ளனர். செய்தவர் பெயரும், இஜிரி 603 என்னும் ஆண்டும் அங்கே உள. அது கி.பி. 1206 ஆகும்.

மெழுகில் உருவம் அமைத்து, களிமண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி ஒழிந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவது தொன்மையான வார்ப்பு முறை. சுவாமிமலைச் சிற்பிகள் இன்றும் இம்முறையைக் கையாளுகின்றனர். உலோகம் ஓரிடத்தில் ஓடாது நின்றாலும் உழைப்பு முழுதும் வீணாகும். மூன்று உருவங்களை ஒருங்கே வார்த்தவர் அதனைப் பெருமையுடன் பொறித்ததில் வியப்பில்லை.

இனி நம் எருமையைக் காண்போம். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் உள்ள ஊர் ஆதிச்சநல்லூர். அங்குள்ள தொன்மையான இடுகாட்டை 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரீ என்னும் தொல்லியல் அறிஞர் அகழ்ந்தார். முதுமக்கள் தாழிகளோடு இரும்புக் கருவிகளும் பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலக் கலங்களும் கிடைத்தன. அக்கலங்களை எருமை, ஆடு, சேவல், புலி, மான், யானை ஆகியவற்றின் உருவங்கள் அணிசெய்தன. 2500 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இப்பொருள்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. தாம்பரத்து மாணவர் மின்தொடர் வண்டி ஏறிச் சென்றால் காணலாம்.

ஈரான் நாட்டுப் பசு தன் வரலாற்றைத் தன் உடலிலேயே தாங்கி நிற்கிறது. எருமைக்கோ எழுத்தில்லை. எனினும் அஃது ஊமையன்று. எந்த மண்ணில், எத்தாழியின் அருகில், எவற்றோடு கிடந்தது என்பதே அதற்குரிய எழுத்து. ரீ அவற்றைக் குறித்து வைத்து, 1915-இல் பட்டியலாகவும் வெளியிட்டார். அக்குறிப்பு இன்றேல் எருமை வெறும் பழைய உலோகத்துண்டாகவே நின்றிருக்கும். கிடைத்த இடம் அறியப்படாமல் விற்கப்பட்ட அரும்பொருள்கள் உலகில் பல உள; அவற்றின் வரலாற்றை இனி எவரே மீட்க வல்லார்?

இது தொலைதூரச் செய்தியன்று. தாம்பரத்திற்கு அண்மையிலுள்ள பல்லாவரத்தில்தான் 1863-ஆம் ஆண்டில் இராபர்ட்டு புரூசு பூட்டு என்னும் நிலவியல் அறிஞர் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். ஆங்குச் சுடுமண் ஈமப்பேழைகளும் கிடைத்துள்ளன. இன்று இப்புறநகர் எங்கும் வீடு கட்டவும் குழாய் பதிக்கவும் நிலம் தோண்டப்படுகிறது. மண்வெட்டியின் ஒரு வெட்டில் மண்ணின் எழுத்து அழிந்துவிடக்கூடும்.

ஆதலின், மாணவர்களே, பழம்பொருள் ஏதேனும் வெளிப்படின் அதனைப் பெயர்க்காதீர், தேய்த்து மெருகேற்றாதீர். இருந்த இடத்திலேயே இருக்கவிட்டு, பெரியோர் வாயிலாக அரசு அலுவலர்க்கு அறிவியுங்கள். புதையல் கண்டவர் மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டமும் கூறுகிறது. பொருளைக் காப்பதோடு, அது கிடந்த இடத்தைப் பற்றிய அறிவையும் காப்பதே முழுமையான காவலாகும்.