அரசு வழக்கறிஞருக்கு நாம் சம்பளம் கொடுக்கலாமா?



மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கத்து ஜமாஅத்தார் கூடும்போதெல்லாம் ஒரு பேச்சு வருகிறது. "செல்போன் பறிப்பு, சங்கிலி பறிப்பு, பள்ளிக்கூட வாசலில் கஞ்சா என்று புகார் கொடுக்கிறோம். ஆளையும் பிடிக்கிறார்கள். வழக்கு இழுத்தடித்துக் கடைசியில் விடுதலையாகிவிடுகிறது. டிரஸ்ட் பணத்தில் நம் பகுதிக்கென்று ஒரு நல்ல அரசு வழக்கறிஞரை வைத்தால் என்ன?"

வேறு நாட்டில் இதைச் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், லாயிட் என்ற வணிகப் பகுதியின் வியாபாரிகள் 1990-ல் பணம் திரட்டி, தங்கள் பகுதிக்கென ஓர் அரசு வழக்கறிஞரைக் கேட்டு வாங்கினார்கள். வந்தவருக்கு நீதிமன்றத்தைவிடத் தெருவில்தான் வேலை அதிகம் இருந்தது. கொலை, கொள்ளையைப் பற்றி அல்ல, பக்கத்துப் பள்ளத்தாக்கில் கூடாரம் போட்டுத் தங்கியவர்களால் வந்த அன்றாடத் தொல்லையைப் பற்றித்தான் மக்கள் முறையிட்டார்கள். அந்தக் கூடாரவாசிகள் தரப்பில் சம்பளம் கொடுக்க யாரும் இல்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டில் அரசு வழக்கறிஞரை நியமிப்பது அரசு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 24-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 18-ஆம் பிரிவு. தனியார் பணம் பற்றி உச்ச நீதிமன்றம் 1988-ல் முகுல் தலால் வழக்கில் பேசியிருக்கிறது. சிறப்பு அரசு வழக்கறிஞருக்கும் ஊதியம் அரசுப் பணத்திலிருந்தே போக வேண்டும். அபூர்வமாகத் தனியாரிடம் வாங்கினாலும் அது அரசு அமைப்பு ஒன்றில் கட்டப்பட்டு, அங்கிருந்துதான் அவர் கைக்குப் போக வேண்டும் என்றது.

இந்தத் தடை நியாயமானது என்றே நாம் கருதுகிறோம். அரசு வழக்கறிஞர் புகார்தாரரின் வக்கீல் அல்ல. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான உண்மையையும் மறைக்காமல் நீதிமன்றத்தின் முன் வைப்பது அவர் கடமை. இன்று நாம் சம்பளம் கொடுத்தால், நாளை வசதியுள்ள வேறொருவர் நம் பிள்ளைகளுக்கு எதிராகச் சம்பளம் கொடுப்பார்.

ஆனால் பாதிக்கப்பட்டவர் தனக்கென ஒரு வக்கீலை வைத்து, நீதிமன்ற அனுமதியுடன் அரசுத் தரப்புக்கு உதவலாம். அந்த 18-ஆம் பிரிவே இதற்கு இடம் தருகிறது. செஷன்ஸ் நீதிமன்றத்தில் அவர் தாமாக வழக்கை நடத்த முடியாது, அரசு வழக்கறிஞரின் வழிகாட்டுதலில்தான் இயங்க வேண்டும் என்று 1999-ல் சிவகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அந்த வக்கீலின் கட்டணத்துக்கு டிரஸ்ட் உதவலாம். அதற்கு முன் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுவது நல்லது. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தொலைபேசி எண் 15100. இது தெரியாமல் நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

உண்மையில் பல வழக்குகள் வக்கீல் இல்லாமல் தோற்பதில்லை. தொடக்கத்திலேயே ஓட்டை விழுந்துவிடுகிறது. மனு ரசீதோடு திருப்தியடைந்து வந்துவிடுகிறோம், எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்பதில்லை. அதை இலவசமாகப் பெறுவது உரிமை. சம்பவம் எந்தக் காவல் நிலைய எல்லையில் நடந்தாலும் எந்த நிலையமும் அதைப் பதிய வேண்டும். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியதும் போலீசாரின் பொறுப்பு.

அடுத்தது கேமரா. ஏ.கே. விஸ்வநாதன் சென்னை காவல் ஆணையராக இருந்தபோது 'மூன்றாவது கண்' என்ற பெயரில் பொதுமக்கள், வியாபாரிகள் பணத்திலும் தெருத்தெருவாகக் கேமராக்கள் வந்தன. வாங்கிக் கொடுக்கப் பலர் முன்வந்தார்கள். பராமரிக்க ஆள் குறைவு. பதிவு கிடைத்தாலும், பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் இல்லாவிட்டால் அந்தப் பதிவின் நகல் சாட்சியமாக நிற்காது. நம் கடைக்காரர்கள் இந்த ஒரு தாளைப் பற்றித் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடியும்.

பிறகு சாட்சிகள். ஒரு நாள் கூலியை விட்டுச் சைதாப்பேட்டை நீதிமன்றத்துக்குப் போனால் வாய்தா. மூன்றாம் முறை யார் போவார்? மிரட்டலும் சேர்ந்தால் சாட்சி பிறழ்ந்துவிடும். உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் மனுக் கொடுக்கலாம். ஆட்டோ செலவைக் கொடுத்து, கூட ஒருவர் போய் உட்கார்ந்திருப்பது நம்மால் முடிந்தது. ஆனால் என்ன சொல்ல வேண்டும் என்று சாட்சிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். போனைப் பறித்த பையன் சில சமயம் நம் மஹல்லாவைச் சேர்ந்தவனாகவே இருப்பான். 18 வயது நிறையாதவனை முன்நிறுத்த வேண்டிய இடம் இளைஞர் நீதிக் குழுமம். அவன் தாயும் உதவி கேட்டு இதே டிரஸ்ட் வாசலுக்குத்தான் வருவார். பறிகொடுத்தவர் வருத்தப்படுவார் என்று அந்தத் தாயைத் திருப்பி அனுப்ப முடியாது. ஜாமீனுக்கும் வக்கீலுக்கும் ஆணைக்குழுவிடம் அவரை அழைத்துப் போக வேண்டியதும் நாம்தான்.

நிதியைப் பொறுத்தவரை, இச்செலவுகளுக்கு பொது ஸதகா நிதியே பொருத்தமானது. ஜகாத்துக்குரிய எட்டு வகையினரை சூரா அத்தவ்பாவின் 60-ஆம் வசனம் வரையறுக்கிறது. ஏழையான பாதிக்கப்பட்டவருக்கு ஜகாத் கொடுப்பதானால், தொகையை அவர் கையிலேயே உடைமையாகக் கொடுத்துவிட வேண்டும். வக்கீலுக்கோ மருந்துக்கோ வாடகைக்கோ, எதற்குச் செலவிடுவது என்பது அவர் விருப்பம். ஐயம் உள்ளவர்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உதவி தேவைப்படுவோர் எஃப்.ஐ.ஆர். நகல், அடுத்த வாய்தா தேதி, வழக்கு எண் மூன்றையும் எடுத்து வாருங்கள். எஃப்.ஐ.ஆர். பதிய மறுத்துவிட்டார்கள் என்றால், கொடுத்த புகாரின் நகலும் மனு ரசீதும் போதும். உயர் அதிகாரிக்குத் தபாலில் அனுப்பவும், அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யவும் வழி இருக்கிறது.