கூடார வண்டியை நிறுத்தலும் கட்டி எடுத்தலும்

இஸ்ரவேலர் வனாந்தரத்தில் யாத்திரை செய்த காலத்தில், ஆசரிப்புக் கூடாரத்தை நாட்டுதற்கும் இறக்கிக் கட்டுதற்கும் ஒரு கிரமம் விதிக்கப்பட்டிருந்ததை எண்ணாகமத்தில் காண்கிறோம். தொங்குதிரைகளைச் சுமந்தோர் கெர்சோன் புத்திரர். பலகைகளையும் தூண்களையும் சுமந்தோர் மெராரி புத்திரர். முளைகளுங் கயிறுகளுங்கூடக் கணக்கில் தப்பவில்லை. இடம்பெயரும் வீட்டிற்கு ஒழுங்கே அஸ்திவாரம் என்பது இதனால் விளங்கும். இவ்வுண்மையை மேனாட்டார் உல்லாசப் பிரயாணத்திற் கையாளும் கூடார வண்டியை முன்னிட்டு ஈண்டு யாம் விளக்கப் புகுகின்றோம்.

கடற்படை வைத்தியராயிருந்து ஓய்வுபெற்ற கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பார், 1885-இல் பிரிஸ்டல் நகரில் ‘வாண்டரர்’ என்னும் குதிரை வண்டியைக் கட்டுவித்து, அதிலேயே தங்கி நாட்டைச் சுற்றிவந்தார். பிற்காலத்தில் குதிரையினிடத்தை மோட்டார் கார் பெற்றது. இப்பொழுது அவ்வண்டியை ஆங்கிலேயர் காரவன் என்றும், அமெரிக்கர் டிரெய்லர் என்றும் வழங்குவர். கூரையைத் தாழ்த்தி, படுக்கைகளை உட்டள்ளி, பெட்டிபோல் மடக்கத்தக்க வகையும் உண்டு. அதனையே யாம் சிறப்பாகக் கருதுகின்றோம்.

தங்குமிடஞ் சேர்ந்ததும் காரினின்று வண்டியை அவிழ்க்க மனம் விரையும். அவ்விரைவே அபாயத்தின் வாயில். முதலில், உறுதியான சமநிலத்தைத் தேர்ந்து, ரசமட்டம் வைத்து இடவலம் ஒத்திருக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தைப் பலகைமேல் ஏற்றுதல் கார் பூட்டியிருக்கும்போதே இயலும். அடுத்து, சக்கரங்களின் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை இடவேண்டும். அதன் பின்னரே பூட்டை அவிழ்க்கலாம். காரை விட்டுப் பிரிந்த வண்டியைத் தாங்குவாரில்லை; சிறிய சரிவும் அதனை உருட்டிவிடும். பிறகு முன்தண்டின் சிறு சக்கரத்தை ஏற்றியிறக்கி முன்பின் மட்டஞ் செய்து, நான்கு மூலைக்கால்களையும் இறக்குக. அக்கால்கள் ஆட்டத்தை நிறுத்துவனவேயன்றி வண்டியைத் தூக்குவன அல்ல. அவற்றாற் பாரத்தை உயர்த்த முயன்றால் அவை வளையும். கால்கள் ஊன்றிய பின்னரே கூரையை உயர்த்திப் படுக்கைகளை இழுக்கலாம். முட்டுக்கொடுக்கு முன் ஒருவரும் படுக்கைமேல் ஏறலாகாது.

உள்ளே குடிபுகுந்தபின் அஞ்சத்தக்கது நெருப்பு மாத்திரமன்று. கரியடுப்பை உள்ளே வைத்துக் குளிர்காய்ந்தால், கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு உண்டாகும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோர் உறக்கத்திலேயே மாளுவர். சமையலுக்குரிய சிலிண்டர் வாயுவோ காற்றினுங் கனமானது. கசிந்தால் தரையிலே தங்கும். ஆதலின் தரையையடுத்த காற்றுத்துளைகளைக் குளிருக்கஞ்சி அடைத்தல் தற்கொலைக்கு ஒப்பாகும்.

புறப்படுங் காலத்தில் இக்கிரமம் தலைகீழாகும். சிலிண்டரை மூடி, படுக்கைகளை உட்டள்ளி, குழந்தைகளை அகல நிறுத்தி, நாற்புறமும் கையுந் துணியுஞ் சிக்காதபடி கூரையை இறக்குக. துணி நனைந்திருப்பின் வீடு சேர்ந்தவுடன் விரித்துலர்த்துக. இன்றேற் பூஞ்சணம் பற்றும். பாரத்தை வைக்குமிடமும் முக்கியம். நம் மாட்டுவண்டியிற் பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலெழும். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். இங்கும் அஃதே. பின்பாரமுள்ள வண்டி வேகத்தில் வாலாட்டத் தொடங்கிக் காரையுங் கவிழ்க்கவல்லது. வண்டியின் மொத்த நிறையில் 100-க்கு 10 முதல் 15 பங்கு கொளுவியின்மேல் அழுந்தவேண்டுமென்பது அமெரிக்க வழக்கு. காருக்கு விதித்த எல்லையை அது கடத்தலாகாது.

மூலைக்கால்களை உயர்த்திக் காரோடு பூட்டியதும், முன்தண்டைச் சற்றே உயர்த்திப் பார்க்க. காரின் பின்புறமும் உடனெழுந்தால் பூட்டு விழுந்தது, எழாவிடின் விழவில்லை. பின்பு காவற்சங்கிலிகளைத் தண்டின்கீழ் குறுக்காக மாட்டி, விளக்குகளைச் சோதித்து, முன்தண்டின் சிறு சக்கரத்தை முற்றும் உயர்த்துக. முட்டுக்கட்டையை எடுப்பது இவையனைத்திற்கும் பின்னரே. நிறுத்துங்கால் அவிழ்ப்பதற்கு முன்னிட்ட கட்டை, பயணத்திற்கு இறுதியில் நீங்குவது என்பதொன்றை மறவாதவன் பெரும்பாலான விபத்துக்களினின்று தப்புவான்.

நெடுநாட் பழகியவரே, ‘எமக்குத் தெரியாததோ’ என்று ஒரு படியை விட்டுவிடுவர். நினைவு களைத்துப்போகும், எழுதிய தாள் களைத்துப்போகாது. ஆதலின், செய்யவேண்டியவற்றை வரிசையாய் எழுதி, ஒவ்வொன்றையும் பார்த்துக் குறியிட்டு, ஈற்றில் வண்டியை ஒருமுறை நடந்து சுற்றிவருக. அதற்குச் செல்வது ஐந்து நிமிஷம். அதனாற் காக்கப்படுவது நம் உயிரும், நமக்குப் பின்னே வீதியில் வரும் அயலாருடைய உயிருமாம்.