உங்களுக்குத் தெரியுமா? மஞ்சள் சேலையும் வெள்ளைச் சேலையும்

பெங்களூரு கரகத் திருவிழாவில் கரகம் சுமப்பவர் ஓர் ஆண். ஆனால் அன்றிரவு அவர்தான் திரௌபதி! மஞ்சள் சேலை, கை நிறைய வளையல், கழுத்தில் மனைவியின் தாலி, தலையில் கோபுரமாய் மல்லிகை. சைத்ர பௌர்ணமி நள்ளிரவில் நகரத்பேட்டை தர்மராய சுவாமி கோயிலை விட்டுக் கிளம்புபவர், காட்டன்பேட்டையில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போய்விட்டு, விடிந்த பிறகே கோயில் திரும்புவார். உருவிய வாளோடு வீரகுமாரர்கள் கூடவே ஓடுவார்கள். இந்த வழக்கத்தைக் காத்து வருபவர்கள் தமிழ் வேர் கொண்ட திகளர்கள். அந்தச் சேலையை வெறும் வேஷம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

★ கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்திலும் பாரதக் கதைதான். சித்திரா பௌர்ணமியன்று திருநங்கைகள் பட்டுடுத்தி, பாரதப் போருக்காகக் களப்பலியான அரவானை நினைத்துத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாளே தாலியறுத்து வெள்ளைச் சேலைக்கு மாறுகிறார்கள். சில ஆண்டுகளில் கரகமும் கூவாகமும் ஒரே நிலவில் வந்துவிடும்.

★ 'ஆன்மா ஆணுமல்ல, பெண்ணுமல்ல' என்ற கருத்தைக் கன்னட வசனக் கவிதையாக்கிய ஜேடர தாசிமய்யா, வீரசைவ ஞானி பசவண்ணருக்கும் முந்தியவர். தொழில்? தறி நெய்வது! ஜேடர் என்றாலே நெசவாளர்தான்.

★ 2021 நவம்பர் 9. பத்மஸ்ரீ விருது வாங்கப் போன ஜோகதி நடனக் கலைஞரான திருநங்கை மஞ்சம்மா, முதலில் தன் முந்தானையைப் பிடித்துக் குடியரசுத் தலைவருக்குத் திருஷ்டி கழித்தார். நாட்டின் முதல் குடிமகனும் அதைப் பணிவோடு ஏற்றுக்கொண்டார். ஊரார் தயங்கித் தயங்கிப் பார்த்த ஒரு சேலையின் நுனி, ராஷ்டிரபதி பவனில் ஆசி வழங்கியது. கர்நாடக ஜானபத அகாடமிக்குத் தலைவரான முதல் திருநங்கையும் இவரே, அது 2019இல்.

★ வெளிர் நீலம், இளஞ்சிவப்பு, நடுவில் வெள்ளை என ஐந்து பட்டைகள் கொண்ட திருநர் கொடியை 1999இல் வடிவமைத்தவர், அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய மோனிகா ஹெல்ம்ஸ். எப்படிப் பிடித்தாலும் அது தலைகீழாகாது.

★ வடகர்நாடகத்தின் கசூதிப் பூவேலையில் 'கவந்தி' என்றொரு தையல் உண்டு. முடிச்சே போடாமல் போட்ட வழியே ஊசியைத் திருப்பிக்கொண்டு வருவார்கள். துணியின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும். மஞ்சம்மா முந்தானை பிடித்து நின்ற அந்தக் கணத்தை, ஓர் இல்கல் சேலையில் இந்தத் தையலால் யாராவது தைத்துத் தர மாட்டார்களா என்று ஏங்குகிறேன்.