கார் கேட்கும் பிள்ளைகளுக்கு

பதினெட்டு வயதை எட்டிய மகனோ மகளோ, "எனக்கொரு கார் வேண்டும்" என்று கேட்டால், தந்தையார் பணத்தை எண்ணுவார். தாயார் உயிரை எண்ணுவார். இவ்விரு கவலைகளுக்கும் விடையின்றிச் செல்லும் பிள்ளை வெறுங்கையுடன் திரும்புவது திண்ணம்.

முதலிற் பணம். நம் நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடையில் பழைய கார்களின் விலையும் பெரிதும் ஏறிற்று. ஆகவே, புதிய காரை நாடாது, பழைய சிறு காரொன்றைக் கேட்பதே தகும். வாங்கும் விலையோடு செலவு முடிவதில்லை. ஆண்டுதோறும் காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம், நாள்தோறும் பெற்றோல். அனைத்தையும் தாளில் எழுதி, "இன்ன பங்கை நான் ஏற்பேன்" என்று காட்டுங்கள்.

அடுத்தது உயிர். சாரதி அனுமதிப்பத்திரத்தை முன்னரே பெறுங்கள். அனுபவமுள்ள பெரியவர் ஒருவரை அருகில் அமர்த்திச் சில மாதங்கள் ஓட்டிக் காட்டுங்கள். முதலாண்டில் இரவுப் பயணமும் நண்பர் கூட்டமும் இல்லையென நீங்களே வாக்களியுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை கூற விரும்புகிறோம். மறுப்பதாயின் காரணங்கூறி மறுங்கள். வெறும் அதட்டலுக்கு அடங்கிய பிள்ளை, நண்பனின் வண்டியை மறைவில் ஓட்டத் துணியக்கூடும். உங்கள் கண்முன்னே பழகுவதே அதனினும் நன்று. கார் சில ஆண்டுகள் பிந்தி வரலாம். அதைப்பற்றிய பேச்சை இன்றே தொடங்குங்கள்.