பிறக்கும் குழந்தைக்குப் புகையில்லாத வீடு



"பீடி குடிக்கிறது நானுங்க, கெட்டா என் நெஞ்சுதானுங்க கெடும். வயித்துல இருக்கிற புள்ளைக்கு என்னங்க?" என்று கேட்கும் கணவன்மார் நம் சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் உண்டு. "மசக்கையில வாய் குமட்டுது, வெத்தலையோட துளி பொகையிலை போட்டா என்ன?" என்று கேட்கும் பெண்களும் உண்டு. இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை இதோ.

கருவிலுள்ள குழந்தைக்கு என்ன ஆகிறது?

கருவில் வளரும் குழந்தை தானாக மூச்சு விடுவதில்லை. தாயின் இரத்தம் கொண்டுவரும் பிராணவாயுதான் அதற்கு மூச்சு. பக்கத்தில் ஒருவர் விடும் புகையைத் தாய் சுவாசித்தால், அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நிகோடின் என்ற நஞ்சு இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் கடைமடைப் பயிர்தானே முதலில் வாடும்?

இதனால் குழந்தை 37 வாரம் நிறையுமுன்பே பிறக்கலாம். இரண்டரை கிலோவுக்கும் குறைந்த எடையில் பிறக்கலாம். அப்படிப் பிறக்கும் குழந்தைக்கு உடம்புச் சூடு நிற்காது. பால் சப்பத் தெம்பு இருக்காது. நோய் சுலபமாகத் தொற்றும்.

மென்றாலும் கேடுதான்

புகையிலையை மென்றாலும் நிகோடின் இரத்தத்தில் கலக்கிறது. மும்பையில் கர்ப்பிணிகளிடம் நடந்த ஆராய்ச்சி 2004-இல் வெளிவந்தது. புகையிலை போட்ட தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து பிறந்தன. குழந்தை இறந்து பிறக்கும் ஆபத்தும் இரண்டு மடங்குக்கு மேல் இருந்ததாக 2006-இல் தெரியவந்தது.

சட்டம் குழந்தையைக் காக்குமா?

காக்கும். பொது இடத்தில் புகைபிடிப்பதைத் தடுத்த அமெரிக்க, ஐரோப்பிய நாடுகளில் 25 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளை ஆராய்ந்தார்கள். சட்டம் வந்தபின் குறைமாதப் பிரசவம் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைந்தது என்று 2014-இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்டது. மருந்தில்லை, ஊசியில்லை, காற்று சுத்தமானதே பலன்!

நம் நாட்டிலும் 2003-இல் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் பஸ், ஓட்டல், சினிமா கொட்டகை, ஆஸ்பத்திரி முதலிய பொது இடங்களுக்கான தடை கடுமையாக்கப்பட்டது. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் புகையிலை விற்பதும் குற்றம். தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலாவுக்கு 2013-இல் தடை வந்தது.

ஆகவே, பஸ்ஸில் பக்கத்து ஆள் பீடி பற்றவைத்தால், "அணைச்சுடுங்க, கர்ப்பிணி இருக்காங்க" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் உங்கள் வீட்டுத் திண்ணைக்கும், இடுப்பிலுள்ள சுருக்குப் பைக்கும் சட்டம் வராது. அங்கே நீங்கள்தான் சட்டம் போட வேண்டும்!

கணவன் மனைவி செய்ய வேண்டியவை

1. கரு நின்றது தெரிந்ததும் இருவரும் புகையிலையை விடுங்கள். நாலாம் மாதம், ஏழாம் மாதம் ஆகிவிட்டதா? இப்போது விட்டாலும் பலன் உண்டு.

2. அடுத்த அறையில் குடித்தாலும் புகை வந்து சேரும். வீட்டுக்குள் யாரும் புகைக்க வேண்டாம்.

3. குழந்தை பார்க்க வரும் உறவினரிடமும், "வெளியில போய்க் குடிங்க மாமா" என்று தயங்காமல் சொல்லுங்கள். வீட்டுக்காரரே சொன்னால் இன்னும் நல்லது.

4. மசக்கைக் குமட்டலுக்குப் புகையிலை மருந்தல்ல. கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள்.

5. விட முடியவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைக் கேளுங்கள். அல்லது 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் ஆலோசனை பெறுங்கள்.

தொட்டில் கட்டுமுன் பீடிக் கட்டை விடுங்கள்!
சுத்தமான காற்றே குழந்தைக்கு முதல் சீர்!