இணையக் கம்பி யாருடையது?

வீட்டுக்கு வரும் அகன்ற அலைவரிசை இணைய சேவையின் மாதக் கட்டணத்தை எது தீர்மானிக்கிறது? 'போட்டி' என்பதே பலரும் உடனடியாகச் சொல்லும் விடை. விற்பவர்கள் பெருகினால் விலை குறையும். ஒருவரே இருந்தால் விலை ஏறும். காய்கறிச் சந்தைக்குப் பொருந்தும் இந்த விதி, கம்பி வழியே வரும் சேவைகளுக்கு அப்படியே பொருந்துவதில்லை. ஒரு தெருவில் பத்துக் காய்கறிக் கடைகள் இருக்கலாம். ஒரே வீட்டுக்குப் பத்து நிறுவனங்கள் பத்துக் கம்பிகளை இழுத்தால் அது வீண் செலவு. இறுதியில் அந்தச் செலவைச் சுமப்பவர் நுகர்வோரே.

ஆகவே, இணையச் சந்தையை ஆராய்வோர் முதலில் கேட்க வேண்டியது, கம்பி யாருடையது என்பதுதான். அதை மற்ற விற்பனையாளர்கள் எந்த விலைக்குப் பயன்படுத்த முடியும் என்பது அடுத்த கேள்வி. இவ்விரு கேள்விகளுக்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் விடை தேடிய அண்டை நாடுகள் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும். அவ்விரு நாடுகளின் அனுபவமும் நமக்குப் பயன்படும்.

இரண்டு நாடுகளிலும் தொலைபேசித் துறை அரசிடமே இருந்தது. நியூசிலாந்து அரசு தனது தொலைபேசி நிறுவனமான டெலிகாமை 1990-இல் 425 கோடி நியூசிலாந்து டாலருக்கு அமெரிக்க நிறுவனங்களிடம் விற்றது. தொலைத்தொடர்புக்கெனத் தனி ஒழுங்காற்று அமைப்பு எதையும் அப்போது அந்நாடு ஏற்படுத்தவில்லை. பொதுவான போட்டிச் சட்டமே போதும் என்று நம்பியது. போட்டியாக வந்த கிளியர் என்ற நிறுவனம், டெலிகாமின் கம்பிகளோடு தன்னை இணைத்துக்கொள்ள எவ்வளவு கட்டணம் தர வேண்டும் என்ற வழக்கு, நீதிமன்றங்களைக் கடந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1994-இல் அங்கு டெலிகாமுக்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது. கம்பியையும் வைத்துக்கொண்டு சேவையையும் விற்கும் நிறுவனத்தோடு போட்டியிடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இவ்வழக்கு இன்றும் பாடநூல் எடுத்துக்காட்டு.

ஆஸ்திரேலியா டெல்ஸ்ட்ராவை 1997, 1999, 2006 ஆகிய ஆண்டுகளில் மூன்று கட்டங்களாக விற்றது. கம்பி வலையமைப்பைத் தனியே பிரிக்காமல் முழு நிறுவனமாகவே விற்றது. அதற்கு முன்பே, 1990-களின் நடுவில், டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் பெருநகரங்களில் ஒரே தெருக்களில் எதிரெதிராகக் கேபிள் பதித்துப் பெரும் பணத்தை இழந்திருந்தன. ஆளுக்கொரு கம்பி என்ற போட்டி முறையின் விலையை அந்த நாடு கண்கூடாகப் பார்த்தது.

தாமிரக் கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடியிழைக் கம்பி தேவைப்பட்டபோது, 2009-இல் இரு நாடுகளும் வெவ்வேறு வழியில் திரும்பின. ஆஸ்திரேலியா 470 கோடி டாலர் அரசு உதவியுடன் தனியாரிடம் ஒப்பந்தப்புள்ளி கோரியிருந்தது. டெல்ஸ்ட்ரா சில பக்கங்களில் ஒரு கடிதம்போல விண்ணப்பம் அளித்தது. நிபந்தனைகளை நிறைவு செய்யாததால் அது போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. 2009 ஏப்ரலில் அரசு அந்த ஏற்பாட்டையே கைவிட்டு, 4,300 கோடி டாலர் திட்டத்தில் தானே நாடு முழுவதும் வலையமைப்பை உருவாக்கப்போவதாக அறிவித்தது. 93 விழுக்காடு கட்டடங்களுக்குக் கண்ணாடியிழை, எஞ்சியவற்றுக்கு வானொலி அலை மற்றும் செயற்கைக்கோள் இணைப்பு என்பது திட்டம். டெல்ஸ்ட்ரா வழிவிடுவதற்காக அதனுடன் ஏறத்தாழ 1,100 கோடி டாலர் மதிப்பிலான உடன்பாடு செய்யப்பட்டது.

நியூசிலாந்து அரசு ஒதுக்கிய தொகை 150 கோடி நியூசிலாந்து டாலர். நாட்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கம்பி பதிக்கக் கூட்டாளிகளைத் தேடியது. கிறைஸ்ட்சர்ச்சில் மாநகராட்சிக்குச் சொந்தமான நிறுவனம், வாங்கரேயிலும் வைகாடோவிலும் மின்விநியோக அமைப்புகளோடு தொடர்புடைய நிறுவனங்கள் என உள்ளூர் அமைப்புகள் முன்வந்தன. எஞ்சிய பெரும்பகுதியை டெலிகாம் விரும்பியது. கம்பி பதிப்பவர் வீடுகளுக்கு நேரடியாகச் சேவை விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்நிபந்தனைக்காக டெலிகாம் 2011 இறுதியில் தன்னையே இரண்டாகப் பிளந்துகொண்டது. கம்பிகள் கோரஸ் என்ற நிறுவனத்திடம் சென்றன. சேவை விற்பனை டெலிகாமிடம் தங்கி, பின்னாளில் ஸ்பார்க் எனப் பெயர் மாறியது.

ஆக, இரு நாடுகளிலும் கம்பியின் உரிமையாளர் மொத்த விற்பனையாளர் மட்டுமே. வீடுகளுக்கு விற்பவர்கள் வேறு. இரண்டிலும் வீட்டுக்காரர் கம்பியை மாற்றாமலேயே விற்பனையாளரை மாற்றிக்கொள்ளலாம். நியூசிலாந்தில் மின்சாரம் விற்கும் நிறுவனங்களே இணைய சேவையையும் சேர்த்து விற்கின்றன. சில்லறைப் போட்டியில் இரு நாடுகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பிறகு ஏன் பல ஆண்டுகளாக ஆஸ்திரேலியர்கள் மெதுவான இணையத்துக்குக் கூடுதல் பணம் தருவதாகக் குறைகூறி வந்தார்கள்?

முதல் காரணம் அரசியல். 2013 தேர்தலில் ஆட்சி மாறியது. புதிய அரசு 2,950 கோடி டாலரில் விரைவாக முடிப்பதாகக் கூறி, வீடு வரை கண்ணாடியிழை என்பதைக் கைவிட்டது. தெருமுனைப் பெட்டி வரை கண்ணாடியிழை, அங்கிருந்து வீட்டுக்குப் பழைய தாமிரம் என்ற கலப்பு முறை வந்தது. தாமிரத்தில் தொலைவு கூடக்கூட வேகம் குறையும். வாங்கிய திட்டத்துக்குரிய வேகம் தங்கள் கம்பியில் வராத பல்லாயிரம் வாடிக்கையாளர்களுக்கு டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ், டிபிஜி ஆகியவை 2017-இல் இழப்பீடு தர ஒப்புக்கொண்டன. செலவும் மிச்சமாகவில்லை. 2020-இல் பணி முடிந்ததாக அறிவிக்கப்பட்டபோது அது 5,000 கோடி டாலரைக் கடந்திருந்தது. அதே ஆண்டில் அதே அரசு, லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கண்ணாடியிழை நீட்டிக்கும் புதிய திட்டத்தை அறிவித்தது.

இரண்டாவது காரணம் மொத்த விலையின் அமைப்பு. பொருளியல் நோக்கில் இதுவே முக்கியமானது. ஆஸ்திரேலிய வலையமைப்பு, சில்லறை நிறுவனங்களிடம் இருவகைக் கட்டணம் வசூலித்தது. ஒன்று, ஒவ்வொரு வீட்டு இணைப்புக்குமான கட்டணம். மற்றொன்று, எல்லா வீடுகளின் தரவும் சேர்ந்து செல்லும் பொதுப்பாதையின் கொள்ளளவுக்கான கட்டணம். அது தொடக்கத்தில் ஒரு மெகாபிட்டுக்கு மாதம் 20 டாலர். கிளை வாய்க்காலுக்கு ஒரு வரி, தலைமை வாய்க்காலின் அகலத்துக்கு இன்னொரு வரி என்பதுபோல.

இதன் விளைவை எளிதில் ஊகிக்கலாம். விலை குறைத்து வாடிக்கையாளரைப் பிடிக்க விரும்பிய நிறுவனம், பொதுப்பாதையில் இயன்ற அளவு குறைவான கொள்ளளவையே வாங்கியது. 2015 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸ் வந்த பின் மாலை நேரங்களில் இணையம் திணறியது. விளம்பரத்தில் விலைப் போட்டி நடந்தது, தரம் பலியானது. கம்பி பதித்த பிறகு அதில் கூடுதலாக ஒரு படம் பார்ப்பதால் ஏற்படும் செலவு மிகமிகச் சொற்பம். அத்தகைய பொருளுக்குப் பயன்பாட்டின் அளவில் விலை வைப்பது பயன்பாட்டைத்தான் முடக்கும். 2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில் அதே வலையமைப்பு, 40 விழுக்காடு வரை கூடுதல் கொள்ளளவை இலவசமாகவே வழங்கியது. கொள்ளளவு தட்டுப்பாடானதல்ல, விலை அமைப்புதான் அதைத் தட்டுப்பாடாக்கியது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

நியூசிலாந்தில் மொத்த விலை பெரும்பாலும் இணைப்பின் வேகத்தை ஒட்டிய நிலையான மாதக் கட்டணமாக இருந்தது. ஆட்சி மாறியும் திட்டம் மாறவில்லை. 75 விழுக்காடு மக்களுக்கு என்ற தொடக்க இலக்கு 87 விழுக்காடாக உயர்த்தப்பட்டு 2022 இறுதியில் நிறைவேறியது. 2021 டிசம்பரில் கோரஸ் தனது 100 மெகாபிட் திட்டத்தைக் கூடுதல் மொத்த விலையின்றி 300 மெகாபிட்டாக உயர்த்தியது. அப்போது ஆஸ்திரேலியாவில் மிகுதியான வீடுகள் வாங்கியிருந்தது 50 மெகாபிட் திட்டம். 2022 முதல் கோரஸின் மொத்த வருவாய்க்கு அந்நாட்டு வணிக ஆணையம் உச்சவரம்பு விதிக்கிறது.

ஆஸ்திரேலியாவுக்கு நியாயம் வழங்க வேண்டிய இடமும் உண்டு. நியூசிலாந்தைப்போல் ஏறத்தாழ 29 மடங்கு பரப்புள்ள நாடு அது. பாலைவனப் பண்ணை வீட்டுக்கும் சேவை தர 2015, 2016-இல் இரு செயற்கைக்கோள்களை ஏவியது. நகரவாசி தரும் கட்டணத்தில் ஒரு பகுதி கிராமவாசிக்கான குறுக்கு மானியம். நியூசிலாந்தில் கண்ணாடியிழை எட்டாத 13 விழுக்காட்டினர் பெரும்பாலும் வானொலி அலை இணைப்பையோ செயற்கைக்கோளையோ நம்பியிருக்கிறார்கள். வெறும் மாதக் கட்டணத்தை நாணயம் மாற்றி ஒப்பிடுபவர்கள் இந்தச் சமூகக் கணக்கைத் தவறவிடுகிறார்கள்.

ஆஸ்திரேலியாவும் பாடம் கற்றது. 2023 டிசம்பர் முதல் 100 மெகாபிட், அதற்கு மேற்பட்ட வேகங்களுக்கான கொள்ளளவுக் கட்டணம் நீக்கப்பட்டது. 2025 செப்டம்பரில், கண்ணாடியிழையும் கேபிளும் உள்ள வீடுகளில் 100 மெகாபிட் திட்டம் கூடுதல் மொத்த விலையின்றி 500 மெகாபிட்டாக உயர்ந்தது. அண்டை நாடு தொடக்கத்திலேயே தேர்ந்தெடுத்த பாதைக்கு அது பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தாமதித்து, பெரும் பொருட்செலவில் வந்து சேர்ந்திருக்கிறது.

இந்தியாவுக்கு இதில் என்ன இருக்கிறது? நம்மிடம் கைப்பேசி வழி இணையம் 90 கோடி இணைப்புகள் அளவுக்குப் பரவியுள்ளது. வீட்டுக் கம்பி வழி இணைப்புகளோ ஏறத்தாழ 4 கோடிதான். அந்தக் கம்பியின் உரிமையாளரும் சேவை விற்பவரும் பெரும்பாலும் ஒருவரே. விலை இன்று குறைவாக இருப்பது உண்மை. பல கம்பிகள் எட்டும் நகரத் தெருக்களில் அது குறைவாகவே நீடிக்கலாம். ஒரே கம்பி மட்டும் எட்டும் சிற்றூரில் அந்த உத்தரவாதம் இல்லை.

அந்த ஒரே கம்பி பெரும்பாலும் மக்கள் வரிப்பணத்தில் பதிக்கப்படுவது. 2011-இல் ஒப்புதல் பெற்ற தேசிய கண்ணாடியிழைத் திட்டமே இன்றைய பாரத்நெட். 2023-இல் அதன் திருத்திய வடிவத்துக்கு ஏறத்தாழ ரூ.1.39 லட்சம் கோடி ஒதுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணி மாநில அரசின் தனி நிறுவனத்திடம் உள்ளது. எல்லா சேவை நிறுவனங்களுக்கும் பாகுபாடின்றிக் கம்பியைத் திறந்துவிடுவதே பாரத்நெட்டின் அடிப்படைக் கொள்கை. கொள்கை சரியானது. ஆனால், கொள்கை மட்டும் போதாது என்பதை ஆஸ்திரேலியா காட்டுகிறது.

ஊராட்சி அலுவலகம் வரை வந்த கம்பியை அங்கிருந்து வீடுகளுக்கு நீட்டிக்கும் உரிமை ஒரே நிறுவனத்துக்குத் தாரைவார்க்கப்படக் கூடாது. உள்ளூர் கேபிள் தொழில் செய்வோரும் வாங்கக்கூடிய வகையில் மொத்த விலை நிலையானதாகவும் வெளிப்படையானதாகவும் இருக்க வேண்டும். பயன்பாட்டைத் தண்டிக்கும் கட்டணம் அதில் நுழையக் கூடாது. ஆட்சிகள் மாறும்போது தொழில்நுட்பமும் மாறாதபடி திட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும். ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும் இந்தக் கட்டத்திலேயே இவற்றை எழுதிவைப்பது எளிது. கம்பி பதித்து முடித்த பிறகு விதிகளைத் திருத்த முனைந்தால் எவ்வளவு காலமும் பணமும் ஆகும் என்பதை ஆஸ்திரேலியரைக் கேட்டால் சொல்வார்கள்.