உப்புக்காற்றில் உறங்கிய மோட்டார் சைக்கிள்

ஓடுகின்ற வண்டிதான் தேயும்; நிற்கின்ற வண்டிக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கல்லூரியில் இயற்பியல் நடத்தும் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்திற்கு நான் கொடுத்த விலை ஒரு சிலிண்டர்.

என் தந்தையார் தூத்துக்குடியில் ஓர் உப்பளத்தில் கணக்கராக இருந்தவர். வீட்டிலிருந்து அளத்துக்கு அவரை நாள்தோறும் சுமந்து சென்றது 350 சி.சி. புல்லட் வண்டி. 1955ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் செய்த வண்டிகளுள் அதுவும் ஒன்று. தந்தையார் மறைந்தபின் வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையில் அது 9 ஆண்டுகள் அசையாமல் நின்றது.

ஒரு விடுமுறை நாளில் அதைத் துடைத்து, புதுப் பெட்ரோல் ஊற்றி, கிக்கரை மிதித்தேன். அசையவில்லை. உடல் எடை முழுவதையும் ஏற்றி மீண்டும் மிதித்தேன். உள்ளே ஏதோ முறிகின்ற ஓசை கேட்டது, கிக்கர் இறங்கியது. மகிழ்ச்சியுடன் மேலும் பத்துமுறை மிதித்தேன். பழைய மெக்கானிக் அண்ணாச்சி ஒருவர் வந்து எஞ்சினைத் திறந்து காட்டியபோதுதான் உண்மை விளங்கிற்று. பிஸ்டன் ரிங் ஒன்று உடைந்து, சிலிண்டர் சுவரை உழுது வைத்திருந்தது.

"வண்டி நின்ன வருசத்துக்குத் தக்கன நாமளும் பொறுக்கணும் தம்பி. மிதிக்கிறது கடைசி வேலைல்லா!" என்றார் அவர்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதை அறிவியல் வழியில் காண்போம்.

நிற்கும் வண்டி மூச்சு விடுகிறது

நான்கு வீச்சு எஞ்சினில் காற்று உள்ளே வர ஒரு வால்வும், புகை வெளியேற ஒரு வால்வும் உண்டு. வண்டி எந்த நிலையில் நிற்கிறதோ அதைப் பொறுத்து இவற்றுள் ஒன்று திறந்தே இருக்கக்கூடும். அப்போது சைலன்சர் வழியாகவோ கார்புரேட்டர் வழியாகவோ வெளிக்காற்று சிலிண்டருக்குள் போய்வரும்.

இந்தப் போக்குவரத்தை நடத்துவது வெப்பம். பகலில் 35 பாகை செல்சியஸ், இரவில் 25 பாகை என்று கொள்வோம். சார்லஸ் விதிப்படி, ஒரே அழுத்தத்தில் உள்ள காற்றின் பருமன் அதன் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 308ஐ 298ஆல் வகுத்துப் பாருங்கள். பருமன் ஏறத்தாழ 3 சதவீதம் மாறுகிறது. பெட்ரோல் தொட்டியின் மூடியிலும் காற்றுத்துளை உண்டு. 14 லிட்டர் கொள்ளும் காலித் தொட்டி பகலில் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான காற்றை வெளியே விட்டு, இரவில் அதே அளவு ஈரக்காற்றை உள்ளே இழுக்கிறது. 9 ஆண்டுகளில் இது சுமார் 1,500 லிட்டர் ஆகும்! வண்டி உறங்கவில்லை, மூச்சு விட்டுக்கொண்டே இருந்தது.

உப்பு செய்யும் வேலை

தூத்துக்குடியில் மழை குறைவு. அதனால்தான் இங்கே உப்பளங்கள் செழித்தன. மழை குறைந்த ஊரில் இரும்பு ஏன் இவ்வளவு விரைவில் துருப்பிடிக்கிறது?

அலைகள் உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் உலர்ந்து உப்புத் துகள்களாகிப் பறந்துவந்து எல்லாப் பொருள்கள் மீதும் படிகின்றன. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை ஈர்த்துக் கரைசலாகிவிடும். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு கசிவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். உப்பு வாரியபின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியம் குளோரைடு மிகுதி. கடலுப்பில் கலந்துள்ள இந்தப் பொருள் சுமார் 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீரை ஈர்க்கத் தொடங்குகிறது. எனவே மழையே பெய்யாவிட்டாலும், உப்பு படிந்த இரும்பின் மீது கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒன்று இருந்துகொண்டே இருக்கும்.

அந்தப் படலம் ஒரு சிறிய மின்கலம். ஓரிடத்தில் இரும்பு அணு இரண்டு எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகக் கரைகிறது. வேறோர் இடத்தில் ஆக்சிஜனும் நீரும் அந்த எலெக்ட்ரான்களைப் பெற்று ஹைட்ராக்சில் அயனிகளாகின்றன. இரண்டும் சேர்ந்து, மேலும் ஆக்சிஜன் ஏற்று, துருவாகின்றன. தூய நீர் மின்சாரத்தை அரிதாகவே கடத்தும். உப்பு நீர் நன்றாகக் கடத்தும். அதனால் கலம் விரைந்து இயங்குகிறது. மேலும், உலோகத்தின் மீதுள்ள மெல்லிய காப்புப் படலத்தையும் குளோரைடு அயனி உடைத்துவிடுகிறது.

உலோக அரிமானம் என்னும் இந்தக் கேட்டை ஆராய்வதற்கு நம் மாநிலத்திலேயே பெரிய நிலையம் ஒன்று உண்டு. காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமே அது. கடலோர ஆய்வுக்கென மண்டபத்திலும் தூத்துக்குடித் துறைமுகப் பகுதியிலும் அதற்கு மையங்கள் உள்ளன. துறைமுகத்தின் எஃகுத் தூண்களைத் தின்கின்ற அதே வேதிவினைதான் என் தந்தையாரின் சிலிண்டரையும் தின்றது.

துருவுக்கு இடம் போதாது

இரும்பு துருவானால் அதன் பருமன் சுமார் மூன்று மடங்காகிறது. வெளிப்புறத்தில் துரு உப்பிச் செதில் செதிலாக உதிரும். ஆனால் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே உதிர இடமேது? இரண்டும் வார்ப்பிரும்பு. நடுவே வளரும் துரு ஆப்பு அறைந்தாற்போல் இரண்டையும் இறுக்கிவிடுகிறது. இதைத்தான் 'பிஸ்டன் பிடித்துக்கொண்டது' என்கிறார்கள்.

வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும். வளைவதையும் அதிர்ச்சியையும் தாங்காது. நான் மிதித்த மிதியில் ரிங் முறிந்ததற்குக் காரணம் இதுவே.

சரியான வழி என்ன? பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்த கலவையைச் சிறிது ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, நுண்புழைக் கவர்ச்சியால் அது இடுக்குகளில் புகும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அகலமுள்ள இடைவெளியில் மண்ணெண்ணெய் போன்ற திரவம் புவியீர்ப்பை எதிர்த்து அரை மீட்டருக்கு மேலும் ஏற வல்லது. விசைக்குக் குறைவில்லை, ஆனால் இடைவெளி குறுகக் குறுக, பாகுநிலை அதன் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே நாள் கணக்கில் பொறுக்க வேண்டும். தினமும் சிறிது ஊற்றி, வண்டியை உயர்ந்த கியரில் வைத்து, பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டிப் பார்க்கலாம். தானாக இளகும்வரை வலிமையைக் காட்டலாகாது.

பழைய ஆயிலையும் முற்றிலும் வடித்துவிட வேண்டும். நெடுநாள் நின்ற புல்லட்டில் ஆயில் அதற்குரிய அறையிலிருந்து மெல்லக் கசிந்து கிராங்க் அறையில் தேங்கியிருக்கும். ஈரமும் அதில் கலந்திருக்கும்.

பெட்ரோலும் பொறியும்

பெட்ரோல் கெடாது என்பதும் தவறான எண்ணமே. காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன் சில கூறுகளோடு சேர்ந்து பிசின் போன்ற பொருளை உண்டாக்குகிறது. கார்புரேட்டரின் ஜெட் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறுகியது. பிசின் படிந்து துளையின் விட்டம் பாதியானால் பரப்பு கால் பங்காகிறது. எரிபொருளும் ஏறத்தாழ அந்த விகிதத்திலேயே குறையும். எனவே கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவியே ஆக வேண்டும். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும்; காற்றடித்துச் சுத்தம் செய்வதே நல்லது.

இப்போது நம் நாட்டில் விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் நீரை ஈர்க்கும். நீர் மிகுந்தால் எத்தனாலும் நீரும் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கித் துருவை வளர்க்கும். பழைய வண்டியின் ரப்பர்க் குழாய்களையும் அது ஊறவைத்துக் கெடுக்கும். ஆதலால் குழாய்களையும் வாஷர்களையும் மாற்றிவிடுதல் நலம்.

மின்பொறியைப் பற்றியும் ஒரு சொல். பழைய புல்லட்டில் மின்கலம் 6 வோல்ட். துருவேறிய இணைப்பு ஒன்றில் அரை ஓம் தடை கூடிவிட்டதாகக் கொள்வோம். 3 ஆம்பியர் ஓடும்போது ஓம் விதிப்படி 1.5 வோல்ட் அங்கேயே வீணாகிறது. அதாவது கால் பங்கு! பாயிண்டுகளையும், சட்டத்தோடு இணையும் எர்த் கம்பியின் முனையையும் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கினாலே பாதி நோய் தீரும். நெடுநாள் கிடந்த மின்கலத்தின் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப் படிகமாகியிருக்கும். அதைப் புதுப்பிப்பது பெரும்பாலும் வீண் முயற்சி.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து நிற்கும். எனவே பிளக்கில் பொறி வருகிறதா என்று சோதிப்பதைத் திறந்த வெளியில், பெட்ரோலை அகற்றிய பிறகே செய்ய வேண்டும்.

ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும்

எஞ்சின் கிளம்பாவிட்டால் வீட்டிலேயே இருப்போம், கேடில்லை. பிரேக் பிடிக்காவிட்டால்தான் ஆபத்து. ஆகவே பிரேக் டிரம்களைத் திறந்து துருவைத் தேய்த்து, கேபிள்களுக்கு எண்ணெய் விட்டு, முதலில் அவற்றைச் சோதியுங்கள்.

டயரில் ஆழமான பள்ளங்கள் இருக்கலாம். ஆனால் அதை மட்டும் பார்த்து நம்பக்கூடாது. காற்றிலுள்ள ஓசோன் ரப்பர் மூலக்கூறின் சங்கிலியை அறுத்து வெடிப்புகளை உண்டாக்குகிறது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அது பிறந்த நாளைச் சொல்லும். 1209 என்றிருந்தால் 2009ஆம் ஆண்டின் 12ஆவது வாரம் என்று பொருள்.

பதிவுச் சான்றையும் பாருங்கள். அது 15 ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்டியைச் சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். காப்பீடும் புகைச் சான்றும் இல்லாமல் சாலையில் இறங்கலாகாது.

கடைசி வேலை

சிலிண்டருக்குப் போர் போட்டு, சற்றுப் பெரிய பிஸ்டன் பொருத்தி, மேலே சொன்ன யாவும் முடிய மூன்று மாதங்கள் ஆயின. அதன்பிறகு ஒரு காலையில் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, "இப்ப மிதிங்க தம்பி" என்றார்.

சாவியைத் திருகிக் கிக்கரை மெல்ல அழுத்தினேன். பிஸ்டன் உச்சியை நெருங்குகையில் கால் தடைபட்டது. டீகம்பிரஷரை இழுத்து, அந்த இடத்தைச் சற்றே கடக்கவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே சீராக மிதித்தேன். மூன்றாவது மிதியில் எஞ்சின் பேசிற்று. சமையலறையிலிருந்து அம்மா வாசலுக்கு வந்து நின்றார்கள். ஒன்றும் சொல்லவில்லை.

கிளம்பியவுடன் விரைந்து ஓட்டவும் கூடாது. அலுமினியப் பிஸ்டன் இரும்புச் சிலிண்டரைப் போல் இரு மடங்கு விரிவடையும். 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனும் சிலிண்டரும் 100 பாகை சூடேறினால் இடைவெளியில் சுமார் 0.08 மில்லிமீட்டர் குறைந்துவிடும். இரண்டும் ஒன்றுக்கொன்று பழகும்வரை மெதுவாகவே செல்ல வேண்டும்.

உங்கள் வீட்டிலும் ஒரு வண்டியை நெடுநாள் நிறுத்த நேர்ந்தால், நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி உலர்த்துங்கள். பெட்ரோலை வடித்துத் தொட்டியின் உட்புறம் எண்ணெய் பூசுங்கள். சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஆயில் விடுங்கள். பின்னர்க் கிக்கரை மெல்ல அழுத்தி, கால் தடைபடும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அந்நிலையில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். உப்புக்காற்று உள்ளே புக வழியிராது. இதற்கு அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தை 9 ஆண்டுகளுக்கு முன் நான் செலவிட்டிருந்தால், தந்தையார் ஓட்டிய அதே சிலிண்டர் இன்றும் அந்த வண்டியில் இருந்திருக்கும்.